கம்ப்யூட்டர் ஆன் ஆகல, உள்ள இருக்கிற போட்டோவும் ஃபைலும் கிடைக்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்னா அந்த மெஷின் போனதுல யாருக்கும் பெரிய வருத்தம் இல்ல, உள்ள இருக்கிற காதுகுத்து போட்டோ, பையனோட ப்ராஜெக்ட், அப்பாவோட பென்ஷன் பேப்பர் ஸ்கேன், இதான் கவலை. சிபியுவையும் லேப்டாப்பையும் தூக்கிட்டு வர்றவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்கதான் கீழ இருக்கு. வரிசையா படிக்கணும்னு இல்ல. ஆனா டிஸ்க்ல இருந்து டக் டக்னு சத்தம் வருதுன்னா முதல்ல கரண்ட்டை நிறுத்திட்டு நேரா அந்த சத்தம் பத்தின கேள்விக்குப் போயிடுங்க.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்ல. உள்ள இருந்ததெல்லாம் போச்சா?

பெரும்பாலும் போகல. பழைய டெஸ்க்டாப்ல முதல்ல படுக்குறது எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கிற பெட்டி), அப்புறம் மதர்போர்டு. 2000க்கு அப்புறம் ஒரு அஞ்சாறு வருஷம் வந்த போர்டுங்கள்ல மட்டமான கெப்பாசிட்டர் போட்டு உலகம் முழுக்க பிரச்சனை ஆச்சு, கேபினெட்டைத் திறந்து பாத்தா மேல தட்டையா இருக்க வேண்டிய கெப்பாசிட்டர் உப்பிப்போய் நிக்கும். லேப்டாப்னா சார்ஜிங் செக்‌ஷன் போயிருக்கும், டிஸ்ப்ளே போயிருக்கும், இல்ல யாராவது கீபோர்டு மேல காபி கொட்டியிருப்பாங்க. இது எதுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் சம்பந்தம் இல்ல, டிஸ்க் பாட்டுக்கு உள்ள நல்லா உக்காந்திருக்கும். அதைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா ஃபைல் எல்லாம் அப்படியே தெரியும்.

டிஸ்கை கழட்டுறதுக்கு முன்னாடி வேற ஏதாவது பாக்கணுமா?

ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல, பீப் பீப்னு கத்துதுன்னா அது அனேகமா ரேம். பிளக்கை புடுங்கிட்டு ரேமை கழட்டி, அந்த தங்கக் கலர் பல்லு இருக்குல்ல, அதை பென்சில் ரப்பர் வச்சு லேசா தேச்சு, தூள் எல்லாம் ஊதிட்டு திருப்பி மாட்டுங்க. நாலஞ்சு வருஷம் மூலையில கிடந்த சிபியுல பாதி இதுலயே எந்திரிச்சிடும், எந்திரிச்சா வேற வேலையே வேண்டாம், உடனே பென்டிரைவ் போட்டு காப்பி எடுங்க, "இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாப்போம்"னு சோதிக்காதீங்க.

டேட், டைம் தப்பா காட்டுது, ஸ்டார்ட் ஆகாம எஃப்1 அழுத்துன்னு கேக்குதுன்னா மதர்போர்டுல இருக்கிற காசு சைஸ் பேட்டரி தீந்துடுச்சு. சிஆர் 2032னு கேட்டா வாட்ச் கடையிலயே கிடைக்கும்.

கடைக்காரர் "ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டா சரியாயிடும் சார்"னு சொல்றாரே?

மெஷின் சரியாயிடும், உங்க ஃபைல் போயிடும். நான் பாத்த வரைக்கும் டிஸ்க் கெட்டுப்போய் போட்டோ போனவங்களை விட ஓஎஸ் போடக் குடுத்து போட்டோ போனவங்கதான் ஜாஸ்தி. அவர் மேலயும் முழுசா தப்பு சொல்ல முடியாது, நீங்க "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, சரி பண்ணிக் குடுங்க"ன்னு மட்டும்தான சொன்னீங்க.

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு, டிஸ்கை சி, டி, இன்னு பிரிச்சு வச்சு ஓஎஸ் போடும்போது சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணுவாங்க, "டில இருக்கிறது சேஃப்"னு சொல்லுவாங்க, அது உண்மைதான். பிரச்சனை என்னன்னா டெஸ்க்டாப்ல இருக்கிற ஃபைலும் மை டாக்குமென்ட்ஸும் டவுன்லோட்ஸும் சி டிரைவ்ல இருக்குங்கிறது முக்கால்வாசி பேருக்குத் தெரியாது, பத்து வருஷ போட்டோவை டெஸ்க்டாப்ல ஃபோல்டர் போட்டு வச்சிருப்பாங்க. அதனால கடையில குடுக்கும்போதே "டேட்டா வேணும், எதையும் ஃபார்மட் பண்ணாதீங்க"ன்னு வாயால சொல்லுங்க, ஜாப் ஷீட்லயும் எழுதச் சொல்லுங்க. டிஸ்க் மேல இருக்கிற லேபிளை சீரியல் நம்பர் தெரியுற மாதிரி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திரும்பி வரும்போது அதே டிஸ்க்தானான்னு பாக்க உதவும்.

ஏற்கனவே ஓஎஸ் போட்டுட்டாங்கன்னா ஒரு இடம் பாருங்க. ஃபார்மட் பண்ணாம மேலயே விண்டோஸ் போட்டிருந்தா சி டிரைவ்ல விண்டோஸ் டாட் ஓல்டுனு ஒரு ஃபோல்டர் இருக்கும், பழைய யூசர் ஃபைல் எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். இப்ப வர்ற விண்டோஸ் அதை 10 நாளைக்கு அப்புறம் தானா அழிச்சிடும், அதனால இன்னைக்கே பாருங்க.

என் டிஸ்க் எந்த வகைன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? என்ன வாங்கணும்?

கனெக்டரைப் பாருங்க, அதுலயே தெரிஞ்சிடும்.

பின்னாடி ரெண்டு வரிசையா ஊசி ஊசியா 40 பின் இருந்து, பக்கத்துல நாலு தடிமனான பவர் பின் இருந்தா அது ஐடிஇ, சுமாரா 2005, 2006 வரைக்கும் வந்த டெஸ்க்டாப். பழைய லேப்டாப்னா அதே ஊசிதான், ஆனா பொடிசா 44 பின். தட்டையா எல் ஷேப்ல ரெண்டு கனெக்டர் இருந்தா சாட்டா, இப்ப கையில வர்றதுல பெரும்பாலும் இதான். சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிசா ஒரு அட்டை, ஒரே ஒரு ஸ்குரூல நிக்குதுன்னா அது எம்.2 எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்லயே டேட்டா வைக்கிற டிஸ்க்). அதுலயே ரெண்டு ரகம், பல்லு வரிசையில ஒரு வெட்டு இருந்தா அனேகமா என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா அனேகமா சாட்டா, ஆனா இந்த வெட்டை மட்டும் நம்பி வாங்காதீங்க, லேபிள்ல இருக்கிற மாடல் நம்பரை தேடிப் பாத்துட்டு அதுக்கு ஏத்த கேசிங் (யுஎஸ்பில மாட்டுற பெட்டி) வாங்குங்க, ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுக்கு வேலை செய்யாது.

வாங்க வேண்டியது யுஎஸ்பி டு சாட்டா கேபிள், சில நூறு ரூபாய்தான். சென்னைல இருக்கிறவங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கு, மத்த ஊர்க்காரங்க ஆன்லைன்ல வாங்கிக்கலாம். ஒண்ணே ஒண்ணு கவனிங்க, லேப்டாப் டிஸ்க் (2.5 இன்ச்) 5 வோல்ட்ல ஓடும், யுஎஸ்பி கரண்ட்டே போதும். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு (3.5 இன்ச்) 12 வோல்ட்டும் வேணும், அதனால தனி அடாப்டரோட வர்ற கேபிளா கேட்டு வாங்குங்க, வெறும் கேபிள்ல மாட்டிட்டு "டிஸ்க் செத்துடுச்சு"ன்னு சொல்றவங்க நிறைய பேர். ஐடிஇன்னா ஐடிஇ, சாட்டா ரெண்டும் இருக்கிற காம்போ கிடைக்கும், டிஸ்க் பின்னாடி இருக்கிற குட்டி ஜம்பரை மாஸ்டர்ல வச்சுக்கோங்க (எங்க வைக்கணும்னு லேபிள்லயே படம் இருக்கும்). அந்த நாலு பின் பவர் கனெக்டருக்கு ரெண்டு மூலை மட்டும் சீவியிருக்கும், அதைப் பாத்து மாட்டுங்க, அமுக்கினா தலைகீழாவும் போகும், போச்சுன்னா 5 வோல்ட் போற இடத்துல 12 போய் போர்டு அங்கயே காலி.

மாட்டினேன், டிஸ்க் சுத்துற மாதிரி சுத்தி நிக்குது, திரும்ப சுத்துது.

2.5 இன்ச்னா கரண்ட் பத்தாம இருக்கலாம், சிபியு முன்னாடி இருக்கிற யுஎஸ்பி போர்ட்ல இருந்து எடுத்து பின்னாடி மதர்போர்டுலயே இருக்கிற போர்ட்ல மாட்டுங்க. யுஎஸ்பி ஹப் வேண்டவே வேண்டாம். அப்படியும் அதே கதைன்னா டிஸ்க்லதான் கோளாறு, சத்தம் பத்தின கேள்விக்குப் போங்க.

"இந்த டிஸ்கை யூஸ் பண்ண ஃபார்மட் பண்ணணும்"னு கேக்குது. பண்ணவா?

வேண்டாம், கேன்சல் குடுங்க.

விண்டோஸுக்கு படிக்கத் தெரியலன்னா உடனே இதைத்தான் கேக்கும். காரணம் நாலஞ்சு இருக்கலாம், ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கலாம், டிஸ்க்ல பேட் செக்டர் (படிக்க முடியாம கெட்டுப்போன இடம்) இருக்கலாம், இல்ல அது மேக்குலயோ லினக்ஸ்லயோ ஓடின டிஸ்க்கா இருக்கலாம், டிஸ்க் நல்லாத்தான் இருக்கும், விண்டோஸுக்குத்தான் புரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல "இனிஷியலைஸ்" கேட்டாலும் இதே பதில்தான்.

இதே மாதிரி செக் டிஸ்க் ஓட்டட்டுமான்னு கேக்கும், அதுக்கும் வேண்டாம்னு சொல்லுங்க. செக் டிஸ்க்கோட கவலை டிஸ்க் ஒழுங்கா இருக்கணும்ங்கிறது, உங்க போட்டோ பொழைக்கணும்ங்கிறது இல்ல, கணக்கு டேலி ஆகலன்னா ஃபைலை எல்லாம் பேர் இல்லாத துண்டு துண்டா ஒரு ஃபோல்டர்ல தூக்கிப் போட்டுட்டு போயிடும். முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்.

டிஸ்க் தெரியுது, என் பேர்ல இருக்கிற ஃபோல்டரைத் திறந்தா "பெர்மிஷன் இல்ல"ங்குது. பழைய பாஸ்வேர்டு வேணுமா?

வேண்டாம். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டு ஃபைலை பூட்டி வைக்கிறது இல்ல, இது உன்னோடது இல்லன்னு ஒரு குறிப்புதான். "கன்டின்யூ" அழுத்தினா அட்மின் யூசருக்கு திறந்துடும், பெரிய ஃபோல்டர்னா பச்சைக் கோடு மெதுவா நகரும், பொறுமையா இருங்க. ஆனா டிஸ்க் நோயாளியா இருந்தா இதைப் பண்ணாதீங்க, ஏன்னா ஒவ்வொரு ஃபைலுக்கும் பெர்மிஷன் மாத்தி அந்த டிஸ்க்லயே எழுதும். அந்த மாதிரி கேஸுக்கு லினக்ஸ் மின்ட் இல்ல உபுன்டுவை பென்டிரைவ்ல போட்டு அதுல பூட் பண்ணிக்கோங்க, அது விண்டோஸோட பெர்மிஷனைக் கண்டுக்கவே கண்டுக்காது. விண்டோஸ் சரியா ஷட்டவுன் ஆகாம ஹைபர்னேட்ல செத்திருந்தா லினக்ஸ் அந்த டிரைவை படிக்க மட்டும்தான் விடும், நமக்கும் படிக்கிறதுதான வேணும்.

ஃபைல் பேர் பச்சைக் கலர்ல தெரிஞ்சா மட்டும் கதை வேற, அது என்கிரிப்ட் பண்ணின, அதாவது உண்மையாவே பூட்டு போட்ட ஃபைல், பழைய யூசரோட சர்டிஃபிகேட் இல்லாம திறக்காது.

எந்தெந்த ஃபோல்டரை காப்பி பண்ணணும்? மொத்தமா எடுத்துடலாமா?

இடம் இருந்தா யூசர்ஸ் ஃபோல்டரை மொத்தமா எடுங்க, டி, இ டிரைவையும் மொத்தமா எடுங்க, விண்டோஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் எல்லாம் வேண்டாம், சாஃப்ட்வேரை இப்படி காப்பி பண்ணி ஓட்ட முடியாது. எக்ஸ்பின்னா யூசர்ஸ் இருக்காது, டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்னு இருக்கும்.

எல்லாரும் விட்டுடுற இடங்கள்: ஆப்டேட்டா ஃபோல்டர் ஒளிஞ்சிருக்கும், ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் போட்டாதான் தெரியும். தண்டர்பேர்டு மெயில், ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம் புக்மார்க் எல்லாம் அதுக்குள்ளதான். ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே புது மெஷினுக்கு கொண்டு போனா சேவ் பண்ணின பாஸ்வேர்டும் கூடவே வரும். க்ரோம்ல புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது, அது பழைய விண்டோஸ் யூசரோட கட்டிப்போட்டது, கூகுள் அக்கவுன்ட்ல சிங்க் பண்ணியிருந்தா அங்க இருந்து எடுத்துக்க வேண்டியதுதான். அவுட்லுக் யூஸ் பண்ணினவங்க மெயில் எல்லாம் இருக்கிற பிஎஸ்டி ஃபைலைத் தேடுங்க, டாக்குமென்ட்ஸ்ல அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர்லயோ இல்ல ஆப்டேட்டாவுக்குள்ளயோ இருக்கும்.

ஒன்டிரைவ் ஃபோல்டர்ல பேர் மட்டும் இருந்து சைஸ் ஆன் டிஸ்க் ஜீரோன்னு காட்டினா அந்த ஃபைல் இந்த டிஸ்க்ல இல்லவே இல்ல, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி அங்க பாருங்க, சும்மா இங்க தோண்டிட்டு இருக்காதீங்க.

கல்யாண சிடியை காப்பி பண்ணி வச்சிருந்தீங்கன்னா டாட் டேட்னு (.dat) முடியுற ஃபைலா இருக்கும், டபுள் கிளிக் பண்ணினா எதுல திறக்கிறதுன்னு தெரியாம முழிக்கும், விஎல்சில போடுங்க, ஓடும்.

ஃபைல் கிடைச்சிடுச்சு, ஆனா தமிழ்ல டைப் பண்ணினதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொக்கி கொக்கியா தெரியுது. கெட்டுப்போச்சா?

கெடல, ஒரு எழுத்து கூட போயிருக்காது. இது நம்ம ஆளுங்களுக்கு அடிக்கடி வர்ற தலைவலி, டேட்டா ரெகவரி லேப்காரங்களே சில சமயம் "ஃபைல் கரப்ட்"னு சொல்லிடுவாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கிற யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் எழுத்தை வரைஞ்சு ஃபான்ட் பண்ணுச்சு. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ, டிஸ்கி, இப்படி ஏகப்பட்டது. 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுல டாம், டாப்னு ரெண்டு ஃபான்ட் ஸ்டாண்டர்டு வந்தும் எல்லாரும் அதுக்கு மாறிடல. 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஸ்டாண்டர்டுனு அறிவிச்சுச்சு, ஆனா டிடிபி கடை, பிரஸ், வக்கீல் ஆபீஸ்ல எல்லாம் பழைய ஃபான்ட் அதுக்கு அப்புறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு. பாமினி இலங்கையிலயும் வெளிநாட்டுத் தமிழர்கள்கிட்டயும் ரொம்ப பரவலா இருந்துச்சு, அங்க இருந்து வர்ற பழைய டிஸ்க்னா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும்.

அந்த ஃபைல்ல இருக்கிறது வெறும் இங்கிலீஷ் கோடுதான், ஃபான்ட் இருந்தாதான் தமிழா தெரியும். புது கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இல்ல, அவ்வளவுதான் விஷயம். அதனால பழைய டிஸ்கை தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அதுல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மொத்தமா காப்பி எடுத்துடுங்க, ஃபைலை எடுத்துட்டு ஃபான்ட்டை விட்டுட்டா பாதி வேலைதான் ஆச்சு. வேர்டுல அந்த ஃபைலைத் திறந்து கொக்கியா தெரியுற வரியில கர்சரை வச்சா மேல ஃபான்ட் பேர் காட்டும், அந்தப் பேர்ல இருக்கிற டிடிஎஃப் ஃபைலை (அதான் ஃபான்ட் ஃபைல்) புது மெஷின்ல இன்ஸ்டால் பண்ணினதும் ஸ்கிரீன் அப்படியே தமிழா மாறும், பாக்கவே சந்தோஷமா இருக்கும்.

நிரந்தரமா வேணும்னா யூனிகோடுக்கு மாத்திடுங்க, என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச டூல் இருக்கு. மாத்தும்போது ஒரு சிக்கல், நடுவுல உண்மையாவே இங்கிலீஷ்ல இருக்கிற பேர், அட்ரஸ் எல்லாத்தையும் அது தமிழ்னு நினைச்சு மாத்தி வச்சிடும், அதனால ஒரிஜினலை தனியா வச்சுட்டு காப்பியில மாத்துங்க, மாத்தினதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. லதா ஃபான்ட்ல டைப் பண்ணினதுன்னா அது ஏற்கனவே யூனிகோடு, எதுவும் பண்ண வேண்டாம். பேஜ்மேக்கர்ல அடிச்ச மலர், பத்திரிகை எல்லாம் இருந்தா அதுக்கு பேஜ்மேக்கரே வேணும், ஃபான்ட்டும் வேணும், தெரிஞ்ச பிரஸ்ல பழைய மெஷின் ஒண்ணு கண்டிப்பா ஓடிட்டு இருக்கும், அங்க கொண்டு போய் பிடிஎஃப்பா மாத்தி வாங்கிக்கோங்க.

கடை கணக்கு எல்லாம் டேலில இருக்கு. எதை எடுக்கணும்?

டேட்டா ஃபோல்டர். சி டிரைவ்ல டேலி ஈஆர்பி 9 ஃபோல்டருக்குள்ளயோ, இல்ல யூசர்ஸ்ல பப்ளிக் ஃபோல்டருக்குள்ளயோ இருக்கும், டிலயும் மாத்தி வச்சிருக்கலாம். உள்ள 10000, 10001னு எண்ணு பேர்ல ஃபோல்டர் இருந்தா ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி, அதை அப்படியே எடுத்து புது மெஷின்ல டேட்டா பாத்ல வச்சா திறக்கும். 7.2ல ஓட்டின ரொம்ப பழைய கணக்குன்னா நேரா திறக்காது, டேலியோட மைக்ரேஷன் டூல் வழியா மாத்தணும். டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டு மறந்துட்டீங்கன்னா அதுக்கு வழி இல்ல. காப்பி ஆனதும் ஆடிட்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி திறந்து கடைசி வவுச்சர் தேதி சரியா இருக்கான்னு பாருங்க, ரெண்டு மூணு இடத்துல பழைய பேக்கப்பும் கிடக்கும், தப்பானதை எடுத்துட்டு வர்றது சகஜம்.

பிட்லாக்கர்னு சொல்லி ஏதோ கீ கேக்குது, நான் எதுவும் லாக் பண்ணவே இல்லையே?

நீங்க பண்ணல, விண்டோஸே பண்ணியிருக்கும். புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு செட்டப் பண்ணும்போதே என்கிரிப்ஷன் ஆன் ஆகிடும், 2024ல வந்த விண்டோஸ் 11 24எச்2ல இருந்து இது இன்னும் ஜாஸ்தி. அது கேக்குறது 48 இலக்க கீ, ஆறு ஆறா எட்டு கட்டம். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி டிவைசஸ் பக்கத்துல ரெகவரி கீன்னு பாத்தீங்கன்னா அங்க இருக்கும், ஸ்கிரீன்ல காட்டுற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்து மேட்ச் ஆகுதான்னு பாத்து எடுங்க. ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீம்கிட்ட இருக்கும். சில சமயம் செட்டப் பண்ணிக் குடுத்த கடைப்பையனோட இல்ல மச்சானோட மெயில் ஐடில போட்டிருப்பாங்க, அவங்களைக் கேளுங்க. கீ எங்கயுமே இல்லன்னா எந்த லேப் ஆளாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, "நான் உடைச்சுத் தர்றேன்"னு காசு கேக்குறவனை நம்பாதீங்க.

டிஸ்க்ல இருந்து டக்... டக்... டக்னு சத்தம் வருது.

உடனே ஆஃப் பண்ணுங்க. நல்ல டிஸ்க் ஆன் ஆனதும் உய்ங்குனு சுத்தி, லேசா ஒரு தட்டு தட்டிட்டு அமைதியா ஓடும். ஒரே தாளத்துல தட்டிட்டே இருந்து, கொஞ்ச நேரத்துல தானா நின்னுச்சுன்னா உள்ள ஹெட் (டேட்டாவைப் படிக்கிற பாகம்) போயிருக்கு. டிஸ்க் உள்ள இருக்கிற வட்டத் தட்டு நிமிஷத்துக்கு 5400 இல்ல 7200 தடவை சுத்துது, கெட்டுப்போன ஹெட் அது மேல உரசினா டேட்டா இருக்கிற பூச்சே பொடியா உதிரும், அந்தப் பொடியை எந்த லேப்லயும் திருப்பி ஒட்ட முடியாது. "ஒரே ஒரு தடவை போட்டுப் பாப்போம்"னு போடுற ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற சான்ஸ் குறையும்.

சாஃப்ட்வேரால இதுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுல மூடியைத் திறக்காதீங்க, யூடியூப்ல எவன் திறந்தாலும் நீங்க திறக்காதீங்க. க்ளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வச்சிருக்கிற டேட்டா ரெகவரி லேப்தான் வழி, அதே மாடல்ல இன்னொரு டிஸ்க் வாங்கி அதோட ஹெட்டை இதுல மாத்துவாங்க, பல ஆயிரம் ஆகும்.

ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா ஓடும்னு ஒரு கதை இருக்கு, அதைப் பண்ணாதீங்க. வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் கோக்கும், நம்ம ஊர் காத்துல கேக்கவே வேண்டாம்.

சத்தம் இல்ல, ஆனா காப்பி பாதியில நின்னுடுது, கம்ப்யூட்டரே ஹேங் ஆகுது.

பேட் செக்டர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பாருங்க, "காஷன்"னு மஞ்சளா காட்டி, ரீஅலொகேட்டட் இல்ல கரன்ட் பெண்டிங் செக்டர்ல எண்ணிக்கை இருந்தா டிஸ்க் கிளம்பிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இதுல எல்லாரும் பண்ற வேலை, நின்ன ஃபைலையே திரும்பத் திரும்ப காப்பி பண்றது. கெட்ட இடத்துலயே டிஸ்கைப் போட்டு மெல்லுறீங்க, நல்ல இடத்துல இருக்கிறது வெளிய வர்றதுக்குள்ள டிஸ்க் செத்துடும். சரியான முறை, லினக்ஸ்ல ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. அது டிஸ்கை முழுசா இன்னொரு டிஸ்க்ல இமேஜா, அதாவது அச்சு அசலா நகல் எடுக்கும், முதல்ல சுலபமா படிக்க முடியுற இடத்தை எல்லாம் வேகமா அள்ளிட்டு, கெட்ட இடத்தை ஒதுக்கி வச்சு, கடைசியில அங்க திரும்ப வந்து முயற்சி பண்ணும். எங்க வரைக்கும் வந்தோம்னு மேப் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும், நம்ம ஊருக்குன்னே பண்ணின மாதிரி. பெரிய டிஸ்க்னா ராத்திரி முழுக்க ஓடும், சில சமயம் நாள் கணக்கா ஓடும், மேல ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டு வைங்க. எழுதுற டிஸ்க் எது படிக்கிற டிஸ்க் எதுன்னு ரெண்டு தடவை சரிபாத்துட்டு என்டர் தட்டுங்க, மாத்திக் குடுத்தா காலி டிஸ்கைக் கொண்டு போய் உங்க டிஸ்க் மேல எழுதிடும். அதுக்கப்புறம் எந்த ஆராய்ச்சியா இருந்தாலும் அந்த இமேஜ் மேலதான்.

அவ்வளவு தெரியாதுன்னா முக்கியமான ஃபோல்டரை மட்டும் முதல்ல எடுங்க, படம், பாட்டு எல்லாம் கடைசி.

ஃபார்மட் ஆயிடுச்சு, இல்ல தெரியாம டிலீட் பண்ணிட்டேன். எடுக்க முடியுமா?

ஹார்ட் டிஸ்க்னா வாய்ப்பு நல்லாவே இருக்கு, அதுக்கு அப்புறம் அதுல எதையும் எழுதாம இருந்தா. ரெகவரி சாஃப்ட்வேரையே அந்த டிஸ்க்ல இன்ஸ்டால் பண்றது, எடுத்த ஃபைலை அதே டிஸ்க்ல சேவ் பண்றது, ரெண்டும் கூடாது. டெஸ்ட்டிஸ்க் பார்ட்டிஷனே (சி, டி மாதிரி டிரைவே) காணாம போனதுக்கு, போட்டோரெக் ஃபைலுக்கு, ரெண்டும் கிறிஸ்டோஃப் க்ரெனியேன்னு ஒருத்தர் எழுதினது, முழுக்க இலவசம். போட்டோரெக்ல ஒரு கஷ்டம் இருக்கு, ஃபைல் பேரும் ஃபோல்டரும் வராது, எல்லாம் எண்ணு பேர்ல ஆயிரக்கணக்குல வந்து கொட்டும், கூடவே இன்டர்நெட்ல பாத்த ஐகான் படம் வரைக்கும் வரும். சைஸ் வாரியா அடுக்கிட்டு குட்டி ஃபைல் எல்லாம் தள்ளிட்டுப் பாருங்க.

எஸ்எஸ்டின்னா நிலைமை வேற. ட்ரிம்னு ஒரு வசதி இருக்கு, டிலீட் பண்ணினதும் "இந்த இடம் வேண்டாம்"னு விண்டோஸ் சொல்லிடும், எஸ்எஸ்டி தானா சுத்தம் பண்ணிடும். சில நிமிஷத்துலயே போயிருக்கலாம். அதனால எஸ்எஸ்டில டிலீட் ஆனா உடனே பவரை நிறுத்துறது தவிர வேற வைத்தியம் கிடையாது, அதுவும் பெரும்பாலும் லேட்தான்.

எஸ்எஸ்டியை கழட்டி பீரோல வச்சிருக்கேன், பத்திரமா இருக்குமா?

வருஷக்கணக்கா வைக்கிறதுக்கு அது ஏத்தது இல்ல. அதுல டேட்டா மின்சாரமா தங்கியிருக்கு, கரண்ட் இல்லாம கிடந்தா மெதுவா கசியும், சூட்டுல சீக்கிரமே கசியும். ஜெடெக்னு சிப் துறைக்கு ஸ்டாண்டர்டு போடுற அமைப்போட கணக்குப்படி, ஆயுசு முழுக்க எழுதி தேஞ்ச சாதா எஸ்எஸ்டி 30 டிகிரில ஒரு வருஷம் தாங்கினா போதும். உங்களோடது புதுசுன்னா அதை விட நல்லாவே தாங்கும், இருந்தாலும் நம்ம பீரோ மே மாசத்துல எத்தனை டிகிரின்னு யோசிச்சுப் பாருங்க.

வெள்ளத்துல முழுகின சிபியு. காய வச்சுட்டு போடலாமா?

2015 டிசம்பர்ல சென்னையிலயும் 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் இதே கேள்விதான். போடாதீங்க. வெயில்ல காய வைக்காதீங்க, ஹேர் டிரையரும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் மேல காத்து போற ஒரு குட்டி ஓட்டை இருக்கும் (மூடாதேன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும்), அது வழியா சேத்துத் தண்ணி உள்ள போயிருக்கலாம், காஞ்சா அந்த வண்டல் தட்டு மேல ஒட்டிக்கும். ஈரத்தோடயே ஜிப் கவர்ல போட்டு மூடி லேப்புக்கு அனுப்புங்க. எஸ்எஸ்டின்னா கொஞ்சம் நிம்மதி, சுத்தமா கழுவி காய வச்சா போர்டு பல நேரம் எந்திரிக்கும், ஆனா அதையும் தெரிஞ்சவங்க கையால பண்ணுங்க.

இடி விழுந்து கருகின வாசனை வந்துச்சு, டிஸ்க் சுத்தவே இல்ல. ஆன்லைன்ல அதே மாடல் டிஸ்க்கோட போர்டு கிடைக்குது, மாத்திடலாமா?

போர்டை மட்டும் மாத்தினா இப்ப வர்ற டிஸ்க் ஓடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஃபேக்டரில அளந்து எழுதின தனி விவரம் போர்டுல இருக்கிற எட்டு கால் ரோம் (ROM) சிப்ல இருக்கும், அதையும் பழைய போர்டுல இருந்து எடுத்து புதுசுல சால்டர் பண்ணணும். நல்ல செல்போன் சர்வீஸ் ஆள் பண்ணுவார், ஆனா முதல்ல அவரை பவர் கனெக்டர் பக்கத்துல இருக்கிற டிவிஎஸ் டையோடு ஷார்ட் ஆயிருக்கான்னு மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஓவர் வோல்டேஜ் வந்தா தான் செத்து மத்ததை காப்பாத்துறதுதான் அதோட வேலை, சில சமயம் அதோட முடிஞ்சிடும்.

சுத்துது, சத்தம் இல்ல, ஆனா பயாஸ்லயே (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல வர்ற செட்டிங்ஸ்) தெரியலன்னா டிஸ்க்குக்குள்ளயே ஓடுற ஃபர்ம்வேர் சாஃப்ட்வேர்ல கோளாறாவும் இருக்கலாம். 2008 கடைசி, 2009 ஆரம்பத்துல சீகேட் பாரகுடா 7200.11 டிஸ்குங்க இப்படித்தான் திடீர்னு காணாம போச்சு, உள்ள டேட்டா பத்திரமா இருந்துச்சு. அந்த டிஸ்க் உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போடாதீங்க, லேப்ல எடுத்துடுவாங்க.

லேப்ல குடுக்கும்போது என்ன கேக்கணும்?

டேட்டா வரலன்னா காசு உண்டா இல்லையா, திறக்கிறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் தருவாங்களா, எடுத்த ஃபைல் லிஸ்டை காட்டிட்டு காசு வாங்குவாங்களா. "எல்லாம் எடுத்துடலாம் சார்"னு டிஸ்கைப் பாக்காமயே சொல்றவர்கிட்ட குடுக்காதீங்க. குடும்ப போட்டோ இருக்கிற டிஸ்க், வேலை முடிஞ்சதும் அவங்க வச்சிருக்கிற காப்பியை அழிக்கச் சொல்லுங்க.

மேக்புக்?

பழசுன்னா டிஸ்கை கழட்டலாம், ஆனா விண்டோஸ்ல மாட்டாதீங்க, இன்னொரு மேக்ல மாட்டுங்க. 2018ல இருந்து வந்த மாடல்ல ஸ்டோரேஜ் போர்டோடயே இருக்கு, டி2ங்கிற செக்யூரிட்டி சிப்போடயோ ஆப்பிள் சிப்போடயோ கட்டிப்போட்டிருக்கு, அந்த போர்டையே உயிர்ப்பிச்சாதான் டேட்டா. விலை கம்மியான சில விண்டோஸ் லேப்டாப்லயும் இஎம்எம்சினு போர்டுலயே ஒட்டின ஸ்டோரேஜ்தான், கழட்ட எதுவும் இருக்காது.

4 ஜிபிக்கு மேல இருக்கிற வீடியோ பென்டிரைவுக்கு போகமாட்டேங்குது.

பென்டிரைவ் ஃபேட் 32ல இருக்கு. அதை எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணுங்க. பென்டிரைவை, பழைய டிஸ்கை இல்ல.

எல்லாம் எடுத்தாச்சு. பழைய டிஸ்கை என்ன பண்றது?

முதல்ல காப்பியை ஒவ்வொரு ஃபோல்டர்லயும் நாலு ஃபைல் திறந்து பாருங்க, பேர் மட்டும் வந்து உள்ள ஒண்ணும் இல்லாத போட்டோ நிறைய வரும். அப்புறம் இன்னொரு காப்பி வேற ஒரு டிஸ்க்ல. அதுவரைக்கும் பழையது பீரோலயே இருக்கட்டும்.

பழைய இரும்புக்கடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போடுறதுன்னா அப்படியே குடுக்காதீங்க, அதுல ஆதார் ஸ்கேன், பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கு, மேல சொன்ன அதே இலவச ரெகவரி சாஃப்ட்வேர் வாங்கிட்டுப் போறவர்கிட்டயும் இருக்கும். க்விக் ஃபார்மட் போதாது, க்விக் டிக்கை எடுத்துட்டு ஃபுல் ஃபார்மட் குடுங்க, விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ் எல்லாத்துலயும் அது முழுசா ஜீரோ எழுதும், நேரம் ஆகும். எஸ்எஸ்டின்னா அந்த கம்பெனி சாஃப்ட்வேர்லயே செக்யூர் இரேஸ்னு இருக்கும். ஓடாத ஹார்ட் டிஸ்க்னா டிரில்லிங் மெஷின்ல தட்டு வழியா ரெண்டு மூணு ஓட்டை போட்டா போதும், ஆனா லேப்டாப் டிஸ்க்ல தட்டு பெரும்பாலும் கண்ணாடி, நொறுங்கித் தெறிக்கும், ஒரு பழைய துணியில சுத்திட்டு, கண்ணுக்கு ஏதாவது போட்டுட்டு போடுங்க.